மதுரையிலிருந்து லினோகட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினோ என்ற விரிப்புத் தகட்டில் செதுக்கி, மை போட்டுக் காகிதத்தில் எடுக்கும் லினோகட் அச்சுப்படங்கள் செய்து விற்பது என் வேலை. ஊர் மதுரை. கேலரி, ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. வரைவது, செதுக்குவது, மை போடுவது, பார்சல் கட்டுவது எல்லாம் நானேதான். கண்காட்சி மேஜை முன்னால் நின்றும் போனிலும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். அவை எனக்குப் பேசப் பிடித்த விஷயங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது பிரிண்ட்தானே? ஒரிஜினல் எங்கே இருக்கிறது?

உங்கள் கையில் இருப்பதுதான் ஒரிஜினல்.

இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. நம் வீடுகளில் பிரிண்ட் என்றால் காலண்டர் படம். கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு முருகனையும் மீனாட்சியையும் வண்ணத்தில் வரைவார். சிவகாசியில் அவை கட்டுக்கட்டாக அச்சாகி வீடு வீடாகப் போகும். அங்கே மூல ஓவியம் ஒன்று உண்டு, மற்றதெல்லாம் அதன் நகல். லினோகட்டில் அப்படி ஒரு மூல ஓவியமே இல்லை. நான் செதுக்கிய லினோவை எடுத்துக் காட்டினால் அதை யாரும் படம் என்று சொல்ல மாட்டார்கள். இடம் வலம் மாறி, மை ஊறிப்போய், தொட்டால் விரல் கறுக்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். அதில் மை ஏற்றிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும்போதுதான் படம் என்ற ஒன்று உண்டாகிறது. முப்பது பிரதி எடுத்தால் முப்பதுக்கும் தனித்தனியாக மை போட்டு, தனித்தனியாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் கறுப்பு கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், இன்னொன்றில் ஒரு மூலை லேசாக வெளுத்திருக்கும்.

“ஸ்கேன் பண்ணி இங்க்ஜெட்டில் எடுத்துக் கொடுங்களேன், விலை குறையுமே” என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் அது போஸ்டர். போஸ்டரில் தப்பு ஒன்றுமில்லை. அதை லினோகட் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

லினோ என்பது என்ன பொருள்?

தரைவிரிப்பு. நிஜமாகவே அதுதான். 1860-களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் என்பவர் கண்டுபிடித்தார். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்பட வைத்து, அதோடு மரப்பிசின், கார்க் தூள், சுண்ணாம்புத் தூள் எல்லாம் கலந்து, பின்னால் சணல் துணி ஒட்டிய விரிப்பு. மரத்துக்கு இருக்கிற நார் ஓட்டம் இதற்குக் கிடையாது. மரத்தில் நாரை எதிர்த்து உளி போட்டால் சிம்பு பிய்ந்து வரும். லினோவில் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே மாதிரி வெட்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓவியர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுவும், விலை மலிவும்.

ஒரு எச்சரிக்கை. இன்று கடைகளில் ‘லினோலியம்’ என்று கேட்டால் பெரும்பாலும் பி.வி.சி. விரிப்பைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது வேறு, உளிக்கு இழுபடும். ஓவியர்களுக்கான லினோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு; தடிமன் 3.2 மி.மீ. வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், எண்ணெய் வாசம் வர வேண்டும். ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறதா, அது வருஷக்கணக்கில் கடையில் கிடந்தது, வேண்டாம்.

இதற்குள் எப்படி வந்தீர்கள்?

அப்பா டிரெடில் பிரஸ், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷின், வைத்திருந்தார். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில், ஒரு மிஷின், ஈய எழுத்துகளைக் கோக்கும் ஒரு கம்போசிட்டர், ஓய்வாக இருக்கும்போது தாள் எடுத்துக் கொடுக்க நான். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அந்த மிஷின் வழியாகத்தான் போகும்.

எழுத்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு டிராயர் நிறைய ‘பிளாக்’ இருக்கும். பிள்ளையார், குத்துவிளக்கு, கும்பிட்ட கைகள், நாதஸ்வரம் தவில், மாலை மாற்றும் மணமக்கள். மரக்கட்டையில் அடித்த சின்னச் சின்ன உலோகப் படங்கள். எந்தக் கல்யாணமானாலும் அதே மணமக்கள்தான். வரைபடம் என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த டிராயரில்தான். பத்து வெட்டில் ஒரு பிள்ளையார் வந்துவிடுகிறார் என்பதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் டி.டி.பி.யும் ஆஃப்செட்டும் வந்தபோது எங்கள் மாதிரிச் சின்ன பிரஸ்களுக்கு வேலை நின்றது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. மிஷினை மட்டும் அப்பா கொடுக்க மறுத்தார். விலை படியவில்லை என்பார். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. நான் சில வருஷம் ஒரு விளம்பர நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி அந்த மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். இப்போது வாழ்த்து அட்டைகளும் சிறிய படங்களும் அதில்தான் ஓடுகின்றன.

ஓவியக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை. படித்திருந்தால் சில விஷயங்கள் சீக்கிரம் புரிந்திருக்கும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வயதும் வாய்ப்பும் உள்ளவர்கள் போய்ப் படியுங்கள். சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. “நானே கற்றுக்கொண்டேன்” என்பதை ஒரு பட்டமாக மாட்டிக்கொண்டு திரிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

யாருடைய பாதிப்பு உங்களிடம் அதிகம்?

முதலில், பெயர் தெரியாதவர்கள். ‘பெரிய எழுத்து’ கதைப் புத்தகங்களை உங்கள் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். மங்கிய தாள், தடித்த எழுத்து, நடுநடுவே மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ராஜாவும் ராணியும். ஆட்களின் முகமெல்லாம் ஒன்றுபோல இருக்கும், கண் மட்டும் பெரிதாக. நிழல், தூரம், அளவு எதைப் பற்றியும் அந்தச் செதுக்குக்காரருக்குக் கவலை இல்லை; குதிரையைவிட ராஜா பெரியவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அவரிடமிருந்து நிறைய எடுத்திருக்கிறேன்.

அப்புறம் வங்காளிகள். உப்புச் சத்தியாகிரகத்தின்போது, 1930-ல், நந்தலால் போஸ் செய்த காந்தி ஒரு லினோகட். கறுப்பில் வெள்ளைக் கோடாகக் கோலூன்றி நடக்கும் காந்தி. பாடப்புத்தகத்திலோ சுவரிலோ அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அது லினோ என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். வெட்டுகளை எண்ணிப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. அவருக்கு அடுத்த தலைமுறையில் சித்தப்ரசாத். அவரும் என்னைப் போல ஓவியக் கல்லூரி வாசல் ஏறாதவர். 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து அவர் வரைந்த படங்களின் சிறு புத்தகத்தை ஆங்கிலேய அரசு கைப்பற்றி அழித்தது. பிற்காலத்தில் உழைக்கும் பிள்ளைகளைப் பற்றி அவர் செய்த லினோகட்டுகளைப் பார்த்தபின் ‘அழகான மதுரை’யைச் செதுக்கக் கை கூசியது.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸை விட முடியாது. மகனைப் போரில் இழந்தவர், போரைப் பற்றி மரச்செதுக்கில் ஒரு வரிசையே செய்தார். நம் பக்கத்தில் தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன். அவர் பாதை முற்றிலும் வேறு, அரூபம். ஆனால் அச்சுக்கலையை நம்பி ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் சாட்சியாக இருக்கிறார் என்பது தெம்பு.

ஒரு படம் எப்படி உருவாகிறது?

‘தையல்காரரும் தூணும்’ என்ற படத்தை வைத்தே சொல்கிறேன். அதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருப்பது புதுமண்டபம், 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. பெயர்தான் புது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள், பாத்திரக் கடை, வளையல் கடை, புத்தகக் கடை என்று பல காலம் ஓர் ஊரே அதற்குள் இருந்தது. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மாறுவதற்கு முன்னால் நான் அங்கே உட்கார்ந்து நோட்டு நிறையக் கிறுக்கி வைத்திருந்தேன்.

உள்ளே நல்ல வெயிலிலும் இருட்டுதான். தையல்காரர் மிஷின் தலைக்கு மேலே ஒரு பல்பு தொங்கும். அந்த வெளிச்சம் அவர் கை மேலும், ஊசிக்குக் கீழே ஓடும் துணி மேலும், பின்னால் நிற்கும் தூணின் முழங்கால் வரையும் விழும். அதற்கு மேல் சிற்பம் இருட்டுக்குள் போய்விடும். லினோவுக்கென்றே அமைந்த காட்சி. லினோவில் செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நான் செய்ய வேண்டியதெல்லாம் பல்பு வெளிச்சம் எங்கெங்கே விழுந்ததோ அங்கே மட்டும் வெட்டுவது. தூணில் இருந்த வேலைப்பாடு முழுவதையும் நோட்டில் வரைந்திருந்தேன். தகட்டில் அதில் முக்கால்வாசியை விட்டுவிட்டேன். சிற்பி மன்னிக்க வேண்டும்.

வேலை நடக்கும் வரிசை இது. பென்சில் ஓவியத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைப் புரட்டிப் போட்டு, கார்பன் வைத்து லினோவில் ஏற்றுவேன். புரட்டாமல் ஏற்றினால் அச்சில் தையல்காரர் இடது கைக்காரர் ஆகிவிடுவார். பிறகு அழியாத மார்க்கரால் கறுப்பு வர வேண்டிய இடங்களை நிரப்புவேன். நீர்த்த சிவப்பு மையை லினோ முழுக்கத் துடைத்து விட்டால், வெட்டிய இடம் வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும். எங்கே இருக்கிறோம் என்று கண்ணுக்குப் புரியும்.

உளிகளில் எனக்கு முக்கியம் இரண்டுதான். வி வடிவ உளி கோட்டுக்கு, யு வடிவ உளி பரப்பைக் கழிக்க. கூர் மழுங்கினால் லினோ வெட்டுப்படாமல் கிழியும். அதனால் பக்கத்தில் எப்போதும் ஒரு தோல் பட்டை, அதில் பாலிஷ் தடவி அவ்வப்போது இழுப்பேன். செதுக்குவதற்கு முன் லினோவை வெயிலில் கொஞ்சம் வைத்தால் இளகும். குளிர் நாடுகளில் இதற்கு அயர்ன் பாக்ஸ் போடுகிறார்கள். நமக்கு மாடிப்படி போதும், மே மாதத்தில் அதுவும் வேண்டாம்.

பாதி செதுக்கியதும் ஒரு புரூஃப், அதாவது சோதனைப் பிரதி, எடுப்பேன். அப்போதுதான் உண்மை தெரியும். தையல்காரர் முகத்தில் வெளிச்சம் அதிகமாகிப் பேய் மாதிரி நின்றால், வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. சுற்றியிருப்பதை இன்னும் வெட்டி, முகத்தை இருட்டாகத் தோன்ற வைக்க வேண்டும். லினோவில் திருத்தம் என்றாலே மேலும் வெட்டுவதுதான். ஆகவே கை எப்போதும் கஞ்சத்தனமாக இருக்க வேண்டும்.

அச்சடிப்பது எப்படி? அந்த டிரெடிலிலா?

சின்னவை டிரெடிலில், பெரியவை கையில்.

கண்ணாடிப் பலகையில் மையைக் கரண்டியால் பரப்பி ரோலரை ஓட்டுவேன். மை சரியான பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணைவிடக் காது முன்னால் சொல்லும்: கடுகு தூரத்தில் பொரிகிற மாதிரி மெலிதாக ஒரு சத்தம். ‘சவக் சவக்’ என்று ஒட்டினால் மை அதிகம், நுண்ணிய வெட்டுகள் அடைபடும். சத்தமே இல்லையென்றால் போதவில்லை.

பெரிய படங்களுக்கு, மை ஏற்றிய லினோ மேல் காகிதத்தை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். ஜப்பானியர் இதற்கென்று மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள், என்னிடமும் இருக்கிறது. கரண்டிதான் கைக்குப் பழகியது. ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்திருந்தால் மறுபடி படிய வைத்துத் தேய்க்கலாம்.

டிரெடிலில் போட வேண்டுமென்றால் தகட்டின் உயரம் அச்செழுத்தின் உயரத்துக்கு வர வேண்டும். அது 0.918 அங்குலம், ஏறக்குறைய 23.3 மி.மீ. 3.2 மி.மீ. லினோவை 18 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டி, அடியில் அட்டை கொடுத்துச் சரிக்கட்டுவேன். ஒரு தாள் தடிமன் குறைந்தாலும் நடுவில் வெளுக்கும். அப்பா இன்றைக்கும் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் ஒரு சிகரெட் அட்டை வை” என்பார். சரியாக இருக்கும்.

படங்களில் தமிழ் எழுத்து வருகிறதே, அதைத் திருப்பித்தானே செதுக்க வேண்டும்?

ஆமாம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. டிரேசிங் தாளைப் புரட்டி ஏற்றுவதால் வடிவம் தானாகத் திரும்பிவிடும். ஆனால் செதுக்கும்போது மூளை குறுக்கே வந்து ‘இது தப்பு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ப, ஃ இரண்டும் தொந்தரவில்லை, இடம் வலம் திருப்பினாலும் அதேதான். ட பரவாயில்லை. கொ, போ மாதிரி இரண்டு பக்கமும் குறி வருகிறவற்றில்தான் ஆபத்து: கொம்பு வலது பக்கம், கால் இடது பக்கம். ழ-வின் கீழ்ச்சுழியைப் பழக்கதோஷத்தில் நேராக வெட்டிவிட்டால் தகடு போச்சு.

பழைய கம்போசிட்டர்கள் இதற்கெல்லாம் சிரிப்பார்கள். அவர்கள் ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே வாசித்து, பிழையும் பார்த்துவிடுவார்கள். எங்கள் பிரஸ் கம்போசிட்டருக்கு நேரான செய்தித்தாளைவிட அந்தக் கட்டை வேகமாகப் படிக்க வரும். என் படங்களில் இருக்கும் எழுத்து வடிவங்கள் கம்ப்யூட்டர் எழுத்துருக்கள் இல்லை. சுவர் விளம்பரம், கடைப் பலகை, லாரி முதுகு இவற்றைப் பார்த்து வரைந்தவை.

ஏன் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை?

மதுரை வெயில் அப்படி. பகல் ஒரு மணிக்கு மாசி வீதியில் நின்று பாருங்கள், பந்தலுக்குக் கீழே கறுப்பு, வெளியே வெள்ளை, நடுவில் ஒன்றும் இல்லை. இன்னொரு காரணம் நேர்மையானது: ஒரே நிறம் என்றால் ஒரே தகடு, ஒரே மை, செலவு குறைவு.

கலர் படங்களும் இருக்கின்றனவே?

சில உண்டு. நிறத்துக்கு ஒரு தகடு என்று செய்யலாம். நான் செய்வது ஒரே தகட்டைக் குறைத்துக்கொண்டே போகும் முறை. முதலில் வெள்ளை வர வேண்டியதை மட்டும் வெட்டி, மஞ்சளில் எல்லாப் பிரதியையும் எடுப்பது. பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டியதை வெட்டி, மிச்சத்தைச் சிவப்பில் அதே தாள்களின் மேல். கடைசியில் கறுப்பு. இதைப் புகழ்பெறச் செய்தவர் பிக்காசோ, 1950-களின் கடைசியில், தென் பிரான்சின் வல்லோரியில் ஓர் அச்சகருடன் சேர்ந்து.

இந்த முறையில் திரும்பிப் போக வழியில்லை. மூன்றாம் நிறத்துக்கு வரும்போது முதல் நிறத்தின் தகடு உலகத்தில் இல்லை. முப்பது தாளில் தொடங்கினால், தாள் நகர்ந்தது, மை ஒழுகியது என்று கடைசியில் இருபதுக்கு மேல் தேறினால் சந்தோஷம். கலர் படத்தின் விலை கூட இருப்பது அதனால்.

மையும் காகிதமும் என்ன?

எண்ணெய் மை. சிவகாசிச் சரக்கான ஆஃப்செட் மை டப்பாவே பெரும்பாலும் போதும். இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய், இளகினால் கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் தூள். வேலை முடிந்ததும் ரோலரைச் சமையல் எண்ணெயால் துடைத்து, அப்புறம் சோப்பு. பிரஸ் காலத்து மண்ணெண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்கும், நுரையீரலுக்குப் பிடிக்காது.

காகிதத்தில் இரண்டு வகை. கையால் தேய்ப்பதற்கு நேபாளத்து லோக்தா. இமயமலைப் புதர் ஒன்றின் பட்டையில் செய்வது, மெல்லியது, நார் நீளம், எளிதில் கிழியாது. டிரெடிலுக்குப் புதுச்சேரியில் பருத்தித் துணிக் கழிவில் கையால் செய்யும் காகிதம். இதன் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். சிலர் வாங்கிப் போய் அதை நேராக வெட்டிப் பிரேம் போடுகிறார்கள். உங்கள் படம், உங்கள் விருப்பம். ஆனால் கேட்டால் வேண்டாம் என்பேன்.

ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் வரும்?

இருப்பில் இருந்தால் அந்த வாரமே. அச்சடிக்க வேண்டியதென்றால் பருவத்தைப் பொறுத்தது. எண்ணெய் மை தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. சித்திரையில் இரண்டு மூன்று நாள் போதும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் கொடியில் தொங்கவிட்ட பிறகும் விரலில் ஒட்டும். தீபாவளிப் பரிசுக்கு ஆர்டர் தருகிறவர்கள் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள்.

படத்தின் கீழே பென்சிலில் 7/30 என்று இருப்பது என்ன?

மொத்தம் முப்பது பிரதி, இது ஏழாவது. ‘ஏ.பி.’ என்றிருந்தால் எனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. முப்பதும் முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவேன், இனி எடுக்க முடியாது.

இந்த எண் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. அச்சுக்கலையே நிறையப் பேருக்குப் போய்ச் சேரத்தான் வந்தது. ஜப்பானின் ஹொகுசாய் 1831 வாக்கில் வரைந்த அந்தப் பெரிய அலையை ஆயிரக்கணக்கில் அடித்தார்கள், தகடு தேயும் வரை. எண்ணும் இல்லை, பென்சில் கையெழுத்தும் இல்லை. அதிலும் அவர் வரைந்ததோடு சரி, செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. எண் போட்டுக் கையெழுத்திடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவத் தொடங்கியது, சந்தைக்காக. நன்றாக வந்த ஒரு தகட்டின் முகத்தில் கோடு கிழிப்பது எனக்குப் பிடித்த வேலையே இல்லை.

அதனால் ஒரு சமரசம். பெரிய படங்களுக்கு எண் உண்டு, தகட்டை அழிப்பதும் உண்டு; வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு அது. அஞ்சலட்டை அளவுப் படங்களுக்கு எண்ணே கிடையாது. தேயும் வரை அடிப்பேன், 150 ரூபாய். காலேஜ் பிள்ளைகள் வாங்கி ஹாஸ்டல் சுவரில் ஒட்டுகிறார்கள். மை அங்கே போய்ச் சேர்வதுதான் எனக்கு இஷ்டம்.

எங்கள் தாத்தா போட்டோவை லினோகட்டாகச் செய்து தருவீர்களா?

தருவேன். முகத்தில் ஒரு பக்கமாவது வெளிச்சம் விழுந்த போட்டோ வேண்டும். ஸ்டூடியோவில் நேர் ஃபிளாஷில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் செதுக்க ஒன்றும் இருக்காது. மூக்கே தெரியாது.

பணம் வாங்குவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்வேன், தப்பாக நினைக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது: ஒருவர் காசு கொடுத்து, தன் கேட்பின் பேரில் செய்யச் சொன்ன ஓவியம், உருவப்படம், செதுக்குப் படம் ஆகியவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பதிப்புரிமை முதலில் கேட்டவருக்கே சேரும். புதிதாகத் தொழிலுக்கு வரும் ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது, தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். தாத்தா உங்களுடையவர், அதில் எனக்குச் சண்டை இல்லை. செய்த படத்தை என் கண்காட்சியில் ஒரு பிரதி காட்டிக்கொள்ள அனுமதி மட்டும் எழுதி வாங்குவேன்.

வாங்கிய படத்தை டீ-ஷர்ட்டில், கடை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாமா?

கேட்காமல் கூடாது. நானாகச் செய்து விற்ற படத்தில் நீங்கள் வாங்குவது அந்தத் தாளை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், விற்கலாம். மறுபதிப்புச் செய்யும் உரிமை என்னிடம்தான் இருக்கும்; என் காலத்துக்குப் பின்னும் அறுபது வருஷம் வாரிசுகளிடம். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு துணிக்கடை என் ஜல்லிக்கட்டுக் காளையைப் பையில் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருந்தது. போய்க் கேட்டபோது, “உங்களுக்கு விளம்பரம்தானே சார்” என்றார்கள். என் பெயரை எங்கும் போடாத விளம்பரம். கேட்டு வந்தால் சின்னக் கடைகளுக்கு நியாயமான தொகையில் கொடுத்துவிடுவேன்.

பிரேம் எப்படிப் போடுவது?

முதல் விஷயம்: லேமினேஷன் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் சூட்டில் மை மினுமினுத்துப் போகும், பிறகு பிரிக்கவும் முடியாது.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், அமிலமற்ற அட்டையாக. இடைவெளி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். பின்பக்கம் செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்பாகி முன்பக்கம் தெரியும். ஃபெவிகாலும் வேண்டாம். நான்கு மூலைக்கும் காகிதக் கொக்கி போதும். பிரேமின் பின்புறத்தை முழுதாக மூடி ஒட்டுங்கள், ராமபாணப் பூச்சிக்கு இந்தக் கைக்காகிதம் என்றால் கொள்ளைப் பிரியம்.

வீட்டில் தொடங்க என்ன வேண்டும்?

ஒரு அடி சதுர லினோ, இரண்டு உளி, ஒரு சின்ன ரோலர், ஒரு டியூப் கறுப்பு மை, மரக்கரண்டி. லினோ கிடைக்காவிட்டால் ஓவியக் கடைகளில் மெத்தென்ற ரப்பர் பலகை இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது சுலபம். காகிதத்துக்குச் சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

கூடவே, கட்டாயமாக, ஒரு தடுப்புப் பலகை. முன்னால் கீழ்நோக்கியும் பின்னால் மேல்நோக்கியும் சட்டம் அடித்த பலகைத் துண்டு. மேஜை ஓரத்தில் மாட்டி லினோவை அதில் முட்டுக் கொடுத்தால் நழுவாது. உளி போகிற திசைக்கு முன்னால் இன்னொரு கையை வைக்காதீர்கள். லினோகட் செய்கிறவர்களின் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

முதல் படத்துக்குக் கோபுரத்தை எடுக்காதீர்கள். ஒரு கத்திரிக்காய் போதும். பளபளப்பு ஒரு வெள்ளை வெட்டு, காம்புக்கு நாலு வெட்டு.

ஏ.ஐ.யில் இதே மாதிரிப் படம் வருகிறதே?

வருகிறது, பார்த்தேன். திரையில் லினோகட் மாதிரியே இருக்கிறது. அதை உளியில் செதுக்க முயன்றால் பாதிக் கோடுகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்றே புரியாது. என் வாடிக்கையாளர்களில் இதுவரை யாரும் அதற்காகப் போகவில்லை. புத்தக அட்டை வேலை குறைந்திருக்கிறது, அது உண்மை.

இதை வைத்துப் பிழைக்க முடிகிறதா?

படம் விற்பதை மட்டும் வைத்து முடியாது. டிரெடிலில் அடிக்கும் கல்யாணப் பத்திரிகை கை கொடுக்கிறது. ஒரு காலத்தில் மலிவு என்று விட்டுவிட்டுப் போன அதே டிரெடில் அச்சை இப்போது கூடுதல் காசு கொடுத்துக் கேட்கிறார்கள், எழுத்து தாளில் பள்ளமாகப் பதிய வேண்டுமாம். அப்பா காலத்தில் பள்ளம் விழுந்தால் கம்போசிட்டருக்குத் திட்டு விழும். பள்ளிகளில் பயிற்சிப் பட்டறை எடுப்பதும் உண்டு. டிசம்பர், ஜனவரி கண்காட்சி மாதங்கள் நன்றாக இருக்கும். ஆடி மாதம் எதுவும் நடக்காது, அப்போது செதுக்குவேன். வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பட்டறையைப் பார்க்க வரலாமா?

சொல்லிவிட்டு வாருங்கள். அச்சடிக்கும் நாளாக இருந்தால் ஒரு சின்னத் தகட்டை நீங்களே தேய்த்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வராதீர்கள்.

தபாலில் அனுப்புவீர்களா?

ஏ4 வரை இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக. அதற்கு மேல் குழாயில் சுருட்டி. வந்ததும் உடனே பிரேம் கடைக்கு எடுத்துப் போகாமல், குழாயிலிருந்து எடுத்து மேலே ஒரு சுத்தமான தாள் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள்; சுருள் நிமிர்ந்துவிடும். தாள் மடிந்தோ நனைந்தோ வந்திருந்தால் பிரித்த அன்றே போட்டோ எடுத்து அனுப்புங்கள். எண் போட்ட படமாக இருந்தால் அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதை வாங்கிக்கொண்டுதான் வேறு தருவேன்.